கறுப்புக் கோடு, நீலக் கோடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று பிறந்த வீட்டிலும் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் சொன்னார்கள். வேலைக்குப் போன இடத்தில் மட்டும் யாரும் சொன்னதில்லை. அங்கே படியேறி வந்தவர்களெல்லாம் என்னைவிடப் பெரிய கோபத்தோடு வந்தார்கள்.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையின் பின்பாதிதான் எங்கள் மேப் ஆபீஸ். முன்பாதியில் மண்வெட்டி, கடப்பாரை, கொடுவாள், முள்கம்பிச் சுருள். பின்பாதியில் மூன்று கம்ப்யூட்டர், ஆளுயரத் தாளில் அச்சடிக்கிற பிளாட்டர் ஒன்று. முதலாளியை ஊரே பாய் என்று கூப்பிட்டது, நாங்களும் அப்படித்தான். சொட்டுநீர் போடுவதற்கும் பாதைத் தகராறுக்கும் விவசாயிகள் மேப் கேட்டு அலைவதைப் பார்த்துவிட்டு, பின்னால் சும்மா கிடந்த குடோனைக் காலி செய்து இதை ஆரம்பித்தவர். நான் நைனார்பாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து அங்கே மேப் வரைந்தேன்.

பாய் கட்டைவிரலால் கூர் பார்த்துக் கொடுவாள் விற்பார். ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் அவருக்கு மயக்கம் வந்துவிடும். பக்ரீத் அன்று குர்பானி கொடுக்கும் இடத்துக்குத் தம்பியை அனுப்பிவிட்டு வாசலில் நின்று சலாம் சொல்லிக்கொண்டிருப்பார் என்று அவர் வீட்டுப் பெண்களே சொல்லிச் சிரிப்பார்கள். அச்சில் பிசகிப்போன மேப்புத் தாள்களை அவர் வீணாக்குவதில்லை. கொடுவாளையும் கத்தியையும் அதில்தான் சுற்றிக் கொடுப்பார். வரப்புத் தகராறு என்று வருகிறவர்கள் முதலில் பின்பக்கம் வந்து மேப் வாங்கிப் போவார்கள். பேசிப் பார்ப்பார்கள். பேச்சு முறிந்தால் அதே ஆட்கள் முன்பக்கம் வந்து நிற்பார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்களிடம் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மூல மேப் இருந்தது. மென்பொருளில் அதற்கு டெம்ப்ளேட் என்று பெயர், நாங்கள் மாஸ்டர் என்போம். வரப்பு, வாய்க்கால், கிணறு, வண்டிப்பாதை எல்லாவற்றையும் ஒரு தடவை ஜிபிஎஸ் கருவியோடு நடந்து அளந்து அதில் ஏற்றிவிட்டால் போதும். அதன்பிறகு அந்த ஊரிலிருந்து யார் வந்தாலும் மாஸ்டரைத் திறந்து, வேறு பெயரில் சேமித்துக்கொண்டு, அவருடைய நிலத்துக்கு மட்டும் வண்ணம் பூசி அச்சடித்துக் கொடுத்துவிடலாம். மாஸ்டர் மூன்று கம்ப்யூட்டருக்கும் பொது. அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்பதுதான் ஆபீசில் இருந்த ஒரே சட்டம்.

சட்டம் இருந்து என்ன பிரயோஜனம்? என் பக்கத்து நாற்காலியில் ஓர் அண்ணன் இருந்தார். நல்ல மனுஷர், எறும்பைக்கூட மிதிக்க யோசிப்பார். அவருடைய விரல்தான் எங்களுக்கு எமன். அவர் வேலை பழகியது பவர்கட் வருஷங்களில், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு கடையில். பாதிப் பத்திரிகை தட்டும்போது கரண்ட் போகும், தட்டியதெல்லாம் கூடவே போகும். அந்தக் கடை முதலாளி பேச மாட்டாராம், பிடரியிலேயே போடுவாராம். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்களே, அந்த அடி இவருடைய விரலுக்கு நன்றாகவே உதவியிருந்தது. ஒரு கோடு போட்டால், சேமிக்கிற கன்ட்ரோல் எஸ். இரண்டு எழுத்து தட்டினால் கன்ட்ரோல் எஸ். போனில் பேசும்போது, டீ குடிக்கும்போது, சும்மா உட்கார்ந்து ஃபேனைப் பார்க்கும்போதுகூட இடது கை தானாகப் போய் அந்த இரண்டு கட்டையையும் அமுக்கிவிட்டு வரும். அந்த வருஷங்களில் கம்ப்யூட்டர் பழகியவர்கள் பலருக்கும் எங்கள் பக்கம் இந்த நோய் உண்டு. இப்போது யூபிஎஸ் இருக்கிறது, கரண்ட் போனாலும் எதுவும் அழியாது. விரலுக்கு யார் அதைச் சொல்வது?

மாஸ்டரைத் திறந்து வேறு பெயரில் சேமிப்பதற்குள் அவர் கை முந்திக்கொள்ளும். ஒருவருடைய நிலத்துக்குப் பூசிய சிவப்பு மாஸ்டரிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்து வருகிறவர், “என் கொல்லைய எவன்டா செவப்பாக்கினது?” என்று மேசையைத் தட்டுவார். நான் ஸ்டீல் ஸ்கேலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். அவர் கை அந்தப் பக்கம் நகர்ந்தால் பளீரென்று விரல் முட்டியில் போடுவேன்.

“நான் எங்கம்மா அமுக்கினேன்? டீ தானே குடிச்சிக்கினு கீறேன்!” என்பார், முட்டியைத் தடவிக்கொண்டே.

அவர் நடிக்கவில்லை. அமுக்கியது அவருக்கே தெரியாது. ஒருநாள் ஆத்திரத்தில் முன்பக்கம் போய் ஒரு குறடை எடுத்து வந்து, அவருடைய கீபோர்டிலிருந்து எஸ் கட்டையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். சாயங்காலத்துக்குள் அந்தக் குழியில் இருந்த ரப்பரை அமுக்கப் பழகிவிட்டார்.

மாஸ்டருக்குப் பூட்டுப் போட வேண்டும் என்று பாயிடம் நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். பாய் தலையை ஆட்டுவார், மறந்துவிடுவார். கடைசியில் அவருக்கு ஞாபகப்படுத்தியது ஒரு பலாப்பழம்.

கல்வராயன் மலையில் ஒரு சிற்றூர். தண்ணீர்த் தொட்டி கட்டச் சொல்லி மனுக் கொடுப்பதற்காக, தொட்டி எங்கே வரவேண்டும் என்று காட்டுகிற மேப் கேட்டிருந்தார்கள். வாங்கிப்போக வந்தவர் எங்களுக்காகத் தோளில் ஒரு பலாப்பழத்தைச் சுமந்து பஸ்ஸில் இறக்கிக்கொண்டு வந்திருந்தார். பழத்தைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மேப்பைப் பிரித்தார். தொட்டி, ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூரில் இருந்தது. அந்தச் சிற்றூர்க்காரர்களும் முந்தின வாரம் இதே வேலையாக வந்து போயிருந்தார்கள். அண்ணனின் விரல் அதை மாஸ்டரிலேயே நட்டுவிட்டிருந்தது, அதையே இவருக்கும் அச்சடித்திருந்தார்.

“தொட்டி எங்க இருக்குது?” என்று மெதுவாகத்தான் கேட்டார். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு அசடு வழிந்தார். வந்தவர் குனிந்து, கொண்டு வந்த பழத்தை இரண்டு கையாலும் தூக்கி முன்பக்கக் கண்ணாடியில் விட்டெறிந்தார். கண்ணாடி முழுசாகச் சரிந்தது. ஒரு சில்லு பாயின் முழங்கையைக் கிழித்தது. பாய் தன் ரத்தத்தைத் தானே பார்த்துவிட்டு முள்கம்பிச் சுருள்மேல் சாய்ந்தார். அதில் முதுகும் கிழிந்தது. தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்ததே பழத்தை எறிந்தவர்தான்.

அதன்பிறகுதான் சேலத்திலிருந்து ஒருவரை வரவழைத்துப் பூட்டுப் போட்டார்கள். மாஸ்டரைத் திறக்கலாம், அச்சடிக்கலாம், ஒரு கோட்டையும் நகர்த்த முடியாது. பாஸ்வேர்டு பாய் தலைக்குள் மட்டும். இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். பூட்டிய மாஸ்டரில் உள்ள கோடெல்லாம் கறுப்பில் விழும். நாங்கள் மேலே சேர்த்து வரைகிற எதுவும் நீலத்தில்தான் விழும். எது மூலம், எது சேர்த்தது என்று பார்த்ததும் தெரிய வேண்டுமாம்.

“பூட்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஊரா எடுத்து சரி பாத்துடலாம் பாய்” என்றேன்.

“பாத்துக்கினே இருந்தா இன்னும் நாலு பலாப்பழம் வரும்மா. மொதல்ல பூட்டு, அப்பறம் பாக்கலாம்” என்றார்.

அந்த அப்புறம் வரவே இல்லை. ஆனால் பூட்டின செய்தி பரவியது. பாய் கடை மேப்பில் எவனும் கைவைக்க முடியாது என்று ரிஷிவந்தியம் வரைக்கும் பேச்சு. மேப் வாங்க வருகிறவர்கள் புதிதாக ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். “கறுப்புல கீதா, நீலத்துல கீதா?” கறுப்பு என்றால் சத்தியம். நீலம் என்றால் யாரோ காசு கொடுத்துப் போடச் சொன்ன கோடு. பூட்டுக்கு வந்த மரியாதையைப் பார்த்து எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொன்னால் பொய்.

ரிஷிவந்தியம் தாண்டி ஓர் ஊரில் இரண்டு பங்காளிகள். ஒருவருடைய கொல்லை ரோட்டோரம், இன்னொருவருடையது அதற்குப் பின்னால். முன்கொல்லைக்காரர், பின்கொல்லைக்காரர் என்றே சொல்கிறேன். பின்கொல்லைக்குப் போகிற வண்டிப்பாதை முன்கொல்லையின் மேற்கு வரப்பை ஒட்டிப் போகும். தாத்தன் காலத்திலிருந்து அதுதான் வழி. முன்கொல்லைக்காரருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பூட்டுப் போடுவதற்கு முந்தின மழைக்காலத்தில் அவர் எங்கள் ஆபீசுக்கு வந்து, பாதையை எடுத்து வாய்க்கால் கரைமேல் போட்டால் எப்படியிருக்கும், பார்க்கிற மாதிரி ஒரு மேப் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போனார். வாய்க்கால் கரையில் ஆடு போகும், சைக்கிள் போகும். கரும்பு ஏற்றின டிராக்டர் போனால் வாய்க்காலுக்குள்தான் கிடக்கும். அது அவருக்கும் தெரியும், வரைந்து கொடுத்த அண்ணனுக்கும் தெரியும். கேட்டதை வரைந்து கொடுத்தார், வாங்கினவர் போனார், எல்லாரும் மறந்துபோனோம்.

பின்கொல்லைக்காரர் கரும்பு போட்டிருந்தார். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டது. வெட்டின கரும்பை அன்றாடம் ஏற்றி அனுப்பாவிட்டால் காய்ந்து எடை போய்விடும், வருஷத்துப் பாடு மண். அந்த நேரம் பார்த்து முன்கொல்லைக்காரர் ஜேசிபி வைத்துப் பாதைக்குக் குறுக்கே பள்ளம் தோண்டினார். ஊரில் பஞ்சாயத்து கூடியது. சர்வேயருக்கு எழுதிப்போட்டு அவர் வந்து அளக்கிற வரைக்கும் கரும்பு நிற்காது என்று யாரோ சொல்ல, பெரியவர்கள் ஒரு முடிவு சொன்னார்கள். பாய் கடை லாக் மேப்பில் கறுப்பில் எது இருக்கிறதோ அதுதான் பாதை. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது.

எல்லாரும் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். முன்கொல்லைக்காரர், அவருடைய இரண்டு மகன்கள், பின்கொல்லைக்காரர், அவர் மனைவி, ஊர்ப் பெரியவர்கள். பின்கொல்லைக்காரர் சிரித்த முகமாகத்தான் வந்தார். அவருக்குப் பயமே இல்லை. இருக்கிற பாதை மேப்பில் இருக்காமல் எங்கே போகும் என்ற தைரியம்.

நான் மாஸ்டரைத் திறந்தேன். பாதை வாய்க்கால் கரைமேல் இருந்தது.

அந்த ஊரை ஜிபிஎஸ் வைத்து நடந்து அளந்ததே நான்தான். மேற்கு வரப்புத் திருப்பத்தில் கருவேல முள் என் குதிகாலில் ஏறி, அந்தப் பாதையிலேயே நான் உட்கார்ந்துவிட, இந்த முன்கொல்லைக்காரரின் மனைவியே சேஃப்டி பின்னை வைத்து அதை எடுத்துவிட்டார். பாதை எங்கே என்று என் காலுக்குத் தெரியும். அண்ணன் பக்கம் திரும்பினேன். அவர் வாயைப் பிளந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் கரைக்குப் பாதையை நகர்த்தியது இந்தக் கைதான். நகர்த்தின கையோடு அமுக்கியதும் இந்தக் கைதான். அதன்மேல் நாங்கள் பூட்டுப் போட்டிருக்கிறோம்.

“இந்த மேப் தப்பு பாய். பாதை மாறிப்போயிருக்குது” என்று எல்லார் முன்னாலேயும் சொன்னேன்.

“பூட்டினதும்மா அது. யாரு கை வெக்க முடியும்?”

“பூட்றதுக்கு முன்னாடியே மாறிப்போச்சு. மாறினத வெச்சித்தான் பூட்டியிருக்கறோம்.”

பாய் அண்ணனைப் பார்த்தார். “நீ இத சேவ் பண்ணியா?”

“என் புள்ளைங்க மேல சத்தியமா இல்ல பாய்” என்றார் அண்ணன். பொய் சொல்லியிருந்தால் அறைந்து உண்மையை வாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார், அதுதான் கொடுமை.

“பாஸ்வேர்டு போடுங்க பாய், நான் சரி பண்றேன்” என்றேன்.

முன்கொல்லைக்காரரின் பெரிய மகன் முன்னால் வந்தான். “இன்னா பாய், ஆளுக்கு ஆளு வந்து சொன்னா பூட்ட தொறப்பீங்களா? அப்பறம் இன்னாத்துக்குப் பூட்டு?”

அவன் கேட்டதில் தப்பில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பாய் கடை முன்பக்கத்துப் புதுக் கண்ணாடியைப் பார்த்தார், முழங்கைத் தழும்பைத் தடவினார். “ரெண்டு பக்கமும் நின்னுக்கினு கீறாங்க. இப்ப தொறந்தா நான் ஒரு பக்கம் சாஞ்சா மாதிரி ஆயிடும்மா” என்றார்.

நான் கேட்கவில்லை. மேற்கு வரப்பு ஓரமாகப் பாதையை மேலே வரைந்து அச்சடித்தேன். பிளாட்டர் நிதானமாகத் தாளைத் தள்ளியது. வாய்க்கால் கரையில் கறுப்பு, மேற்கு வரப்பில் நீலம்.

“நீலம்!” என்று பெரியவர் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். அந்த மகன் தாளைப் பிடுங்கி, நீலக் கோடு இருந்த பக்கத்தை நீளவாக்கில் கிழித்தான். “எவ்ளோ வாங்கின?” என்றபடி என் தோளில் கைவைத்துத் தள்ளினான். பிளாட்டரின் விளிம்பில் என் நெற்றி மோதியது. கண்ணுக்குள் சூடாக வழிந்தது. ஸ்கேல் கையில்தான் இருந்தது. ஓங்கி அவன் கன்னத்தில் ஒன்று வைத்தேன். தோல் பிளந்து கோடாக ரத்தம் வந்தது. அவன் என் கழுத்துக்குப் பாய, அண்ணன் நடுவில் விழ, நாற்காலி உடைய, பாய் கண்ணை இறுக மூடிக்கொண்டு “அல்லா, அல்லா” என்று கத்தினார். பெரியவர்கள் அவனைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுபோனார்கள்.

இத்தனை ரகளையிலும் பின்கொல்லைக்காரரின் மனைவி அந்தக் கிழிந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப கரும்பு எப்டிங்க வெளிய வரும்?” என்று கேட்டார். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை.

நான் நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு முன்பக்கம் வந்தேன். பின்கொல்லைக்காரர் கொடுவாள் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டை எடுத்து வைத்துவிட்டு மூன்றாவதை நகத்தில் சீவிப் பார்த்தார். கடையாள் அதை எங்கள் வீணான மேப் ஒன்றில் சுற்றிக் கொடுத்தான்.

“குடுக்காதீங்க பாய்!” என்று கத்தினேன்.

“கரும்பு வெட்ற சீசன்மா. யாருக்குன்னு குடுக்காம இருக்க முடியும்?” என்றார் பாய். வேன் போனபிறகு என்னைக் கூப்பிட்டார். “காலைல போய் பாதைய நடந்து எடுத்துக்கினு வா. ரெண்டு பேரையும் கூப்பிட்டு எதுர்ல வெச்சித் தொறக்கறேன். கறுப்புலயே போட்டுத் தரேன்” என்றார். இந்த வார்த்தையை அரைமணி நேரம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பி, ரோட்டில் இறங்கி, கருவியை முடுக்கிக்கொண்டு மேற்கு வரப்புப் பாதையில் நடந்தேன். நான் நடக்க நடக்கத் திரையில் புள்ளி கூடவே வந்தது. டயர் தடம் பழசாக, அழுத்தமாக இருந்தது. ஒரு குருடனும் இதைப் பாதை என்று சொல்லுவான். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் முடிந்தது, பஸ் பிடித்து மத்தியானத்துக்குள் கறுப்புக் கோட்டோடு திரும்பி வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கரும்பு ஏற்றின டிராக்டர் நின்றிருந்தது. பின்கொல்லைக்காரர் ராத்திரியெல்லாம் தூங்கியிருக்க மாட்டார் போல. ஆலை ஆட்களை வரவழைத்து வெட்டி ஏற்றிவிட்டு, காய்ந்த கரும்புச் சோகையையும் கல்லையும் போட்டுப் பள்ளத்தை மூடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கூடையில் மண் அள்ளிக் கொட்டினார். என்னைப் பார்த்ததும், “வந்துட்டியாம்மா?” என்றார்.

எனக்குப் பின்னால் பைக் சத்தம். முன்கொல்லைக்காரரும் இரண்டு மகன்களும். பெரியவன் கையில் கடப்பாரை, கன்னத்தில் நான் போட்ட கோடு வீங்கியிருந்தது. வந்த வேகத்தில் கருவியை என் கையிலிருந்து தட்டிவிட்டு மிதித்தான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். முழங்கையால் நெஞ்சில் இடித்தான், மூச்சு நின்று உட்கார்ந்துவிட்டேன்.

“மேப்ப மீறி வண்டி வுடுவியாடா?” என்று முன்கொல்லைக்காரர் கத்தினார். “கறுப்புல கீதுடா, கறுப்புல!”

“எங்க தாத்தன் போன வழிடா இது!”

கடப்பாரை பின்கொல்லைக்காரரின் முழங்காலில் இறங்கியது. அந்தச் சத்தம் பச்சை மூங்கில் பிளக்கிற மாதிரி இருந்தது. அவர் விழுந்தார். சின்னவன் அவர் முகத்தில் உதைத்தான். மனைவி சோகைமேல் விழுந்து புருஷனை மறைத்துக்கொள்ள, அவர் முடியைப் பிடித்து இழுத்துப் பள்ளத்துக்குள் தள்ளினான். டிராக்டர்க்காரன் வண்டியை விட்டு இறங்கி ஓடினான். விழுந்து கிடந்த பின்கொல்லைக்காரர் இடுப்புக்குக் கீழே கையை விட்டு எதையோ உருவினார். மேப்புத் தாள் இன்னும் பாதி சுற்றியிருந்தது. முன்கொல்லைக்காரர் டிராக்டரின் சாவியைப் பிடுங்க வண்டிமேல் கையை நீட்டினார். பின்கொல்லைக்காரர் சக்கரத்தைப் பிடித்து ஒற்றைக் காலில் எம்பினார், நீட்டின கையில் கொடுவாள் விழுந்தது.

இதைச் சொல்லக் கூடாது, சொல்கிறேன். அது இறங்கின நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னேன். அடுத்த நொடி அந்தக் கை மணிக்கட்டுக்கு மேலே தோலில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஆடியதைப் பார்த்தேன். முன்கொல்லைக்காரர் கத்தவில்லை. அதை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “ஏய், ஏய்” என்று சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். மகன்கள் அப்பாவை விட்டுவிட்டுப் பின்கொல்லைக்காரர்மேல் பாய்ந்தார்கள். ஊர் ஆட்கள் ஓடி வந்து விலக்கியபோது அவர் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை, மூச்சு மட்டும் இருந்தது. என் துப்பட்டாவைக் கிழித்து முன்கொல்லைக்காரரின் கையைக் கட்டினேன்.

முன்கொல்லைக்காரரின் கை போய்விட்டது. பின்கொல்லைக்காரரை ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலோடு வைத்திருந்து, உட்கார முடிந்ததும் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். மகன்களும் உள்ளே போனார்கள்.

நான் ஆபீசுக்குத் திரும்பிய அன்று பாய் என் நாற்காலியில் உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டினார். மிதிபட்ட கருவியிலிருந்து எடுக்க முடிந்த புள்ளிகளை வைத்துப் பாதையை மேற்கு வரப்புக்குக் கொண்டுவந்தேன். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். இடது கையை மேசைமேல் விரித்து வைத்தார்.

“அடிம்மா” என்றார்.

அடித்தேன். ஸ்கேல் வளைகிற வரைக்கும் அடித்தேன். அவர் கையை எடுக்கவில்லை. எனக்கு ஆறவும் இல்லை. பிறகு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து, பூட்டின ஒவ்வோர் ஊரையும் திறந்து பார்த்தோம். இன்னும் சில ஊர்களில் கோடு நகர்ந்திருந்தது. அங்கெல்லாம் யாரும் இன்னும் சண்டை போடவில்லை, அவ்வளவுதான்.

பின்கொல்லைக்காரரின் மனைவி ஒரு மத்தியானம் வந்தார். தலையில் முடி பிய்ந்த இடத்தை முந்தானையால் மறைத்திருந்தார். மேப் வேண்டும் என்றார். பாய் ஓடிப்போய் அவருக்கு நாற்காலி போட்டார், தானே நின்று அச்சடித்து, கடை முத்திரை குத்தி, இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் வாங்கி மேசையில் விரித்தார்.

“எதும்மா பாதை?”

விரல் வைத்துக் காட்டினேன்.

“கறுப்புல தானே கீது?”

“கறுப்புலதாங்க.”

அந்தக் கோட்டின்மேல் ரோட்டிலிருந்து தன் கொல்லைவரைக்கும் விரலால் நடந்து பார்த்தார். இனி வண்டி விடலாம், யாரும் மறிக்க முடியாது, மிச்சக் கரும்பை ஆலைக்கு ஏற்றிவிடலாம் என்று பாய் சொன்னார். வேண்டுமானால் தானே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

“கரும்ப நேத்தே கொளுத்திட்டேன் பாய்” என்றார் அந்த அம்மா. “அவனுங்க ஊட்டுப் பொம்பளைங்க மாட்ட அவுத்து உள்ள வுட்டுட்டாளுங்க. இன்னாத்துக்கு அவன் மாடு திங்கணும்? நானே நாலு மூலையிலயும் வெச்சேன்.”

அப்படியானால் மேப் எதற்கு என்று நான் கேட்கவில்லை, என் முகம் கேட்டிருக்க வேண்டும். அவர் தாளைச் சுருட்டி, தலையிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி அதில் போட்டார்.

“அவரு பாக்கணும். அவரு சொன்னதுதான் நெசம்னு அவரு கண்ணால பாக்கணும்” என்றார். படி இறங்கப் போனவர் திரும்பினார். “ஏம்மா, ஜெயிலுக்குள்ள இத எடுத்துக்கினு போவ வுடுவாங்களா?”

தெரியலீங்க என்றேன்.